பின்னால் நிற்கும் நாய்

ஸ்காட்லாந்தில் கிரவுஸ் பறவைகளைச் சுடுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் பருவம் ஆகஸ்டு 12-ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம், துப்பாக்கிகள் எண்ணெய் பூசப்பெற்று உறைக்குள் போன பிற்பாடு, தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செட்டர் நாய்களுடன் கெய்ர்ன்கார்ம் மலைச்சரிவுகளில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள்தாம் அந்நாய்களின் வித்தையைப் பூரணமாக அனுபவிக்கிறவர்கள் என்பது என் அபிப்பிராயம். சுடுகிறவனுடைய கண் பறவை எழும் திக்கைவிட்டு அகலாது. நாயைப் பார்க்க அவனுக்கு அவகாசம் ஏது?

காற்றுக்கு எதிர்முகமாக, ஹெதர் புதர் மண்டிய சரிவில் இருபுறமும் மாறிமாறி வீச்சாக ஓடியவாறே மேலேறும் செட்டர், தலையைத் தாழ்த்தித் தரையை முகர்வதில்லை. காற்றில் மிதந்துவரும் வாஸனையே அதற்குப் போதும். ஓட்டத்தின் உச்சத்தில் சட்டென்று, ஒரு முன்கால் மடங்கியபடி, சிலையாகிவிடுகிறது. பாய்வதற்குமுன் வேட்டை மிருகங்களுக்கு இயல்பாகவே வரும் கணநேரத் தயக்கத்தை, மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து, நிமிஷக்கணக்கில் நீடிக்கும் ஒரு சாந்தமாக மாற்றிவிட்டான். கறுப்பும் செம்பழுப்புமான கார்டன் செட்டர் வெண்பனியின்மீது இப்படி நிற்கும் கம்பீரத்தை யார்தான் புகழமாட்டார்கள்?

ஆனால் என் மனத்தைக் கவர்வது இரண்டாவது நாய். அதன் நாசிக்கு எந்த வாஸனையும் எட்டவில்லை. தூரத்தில் தன் தோழன் நின்றதைக் கண்டது, அவ்வளவுதான். கச்சேரியில் பாடகர் ஒரு ஸ்வரத்தில் லயித்து நின்றதும் வில்லைத் தூக்கிவிட்டுக் காத்திருக்கும் பிடில் வித்வானைப்போல, அதுவும் நின்றுவிடுகிறது. முன்னதை நிறுத்துவது மோப்பம். பின்னதை நிறுத்துவது பிறர் ஞானத்தில் வைத்த விசுவாசம்.

கீழ்ச்சரிவில் எழுவது செங்கிரவுஸ். மாரியிலும் அது பழுப்பாகவே இருக்கும். இன்னும் மேலே, ஹெதர் குட்டையாகிக் கற்கள் மிகுந்த இடத்தில், டார்மிகன். மாரிக்காலத்தில் வால் தவிர ஏறக்குறைய முழுவதும் வெளுத்து, பாதவிரல்வரை இறகு போர்த்தியிருக்கும் இப்பறவையை, ஆணுக்கு அலகிலிருந்து கண்வரை ஓடும் கருங்கோடு மட்டும் காட்டிக்கொடுக்கும். நாய் சுட்டும் திசையில் வெறும் பனியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கருங்கோடு கண்ணில் பட்டவுடன், பக்கத்திலேயே மேலும் நாலைந்து பறவைகள் உருப்பெறுவதைக் காண்பது அபூர்வமான ஆனந்தம்.

ரஸிகன் அவற்றைக் கிளப்பலாகாது. பிற்பகல் நாலு மணிக்குள் இருட்டிவிடும் அந்நாட்களில், பனியை விலக்கிச் செடித்துளிர்களைக் கொறித்துப் பிழைக்கும் பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் நஷ்டம். ஆகவே விசிலை மெல்ல ஊதி நாய்களைத் திரும்ப அழைக்க வேண்டும். நிற்கக் கற்பிப்பதைவிட இதைக் கற்பிப்பது கடினம். முதல் நாய் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, மனமில்லாமல் வரும். ஒன்றையும் முகராத இரண்டாவதோ, மகிழ்ச்சியோடு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்துவிடும்.