அங்காதிபாதமும் பல்கலைக்கழக வாசலும்

ஆறுமுக நாவலர் நல்லூரிற் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் சாமுவேல் கிறீன் பிறந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் செய்தார். நாவலருக்கு எமது இலக்கிய வரலாற்று நூல்கள் ஓர் அதிகாரமே ஒதுக்குகின்றன. கிறீனுக்கு ஓர் அடிக்குறிப்புக் கிடைத்தாற் பெரிது. உரைநடை என்றால் சமயமும் கதையுமே என்று கருதிவந்ததன் விளைவு இது. குருதி எவ்வழி ஓடுகிறது, எலும்பு எவ்வாறு பொருந்துகிறது என்று பிழையறச் சொல்லும் வாக்கியத்தை இலக்கியமாக மதிக்கும் பழக்கம் தமிழ் பயின்ற எம்மவரிடம் இல்லை. கவிஞர் அம்பி 1967இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ எழுதி அக்குறையை ஓரளவு தீர்த்தார்.

கிறீன் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தவர். அவரும் அவர்தம் மாணாக்கரும் மொழிபெயர்த்து அச்சேற்றியவை 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்னும் பெயர்களை நோக்குமிடத்தே அவர் கையாண்ட முறை புலனாகும். வடமொழி நெடி வீசுகிறதென்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் கேசாதிபாதம் கேட்டுப் பழகிய காதுக்கு அங்காதிபாதம் அந்நியமாக ஒலியாது. கெமிஸ்தமோ பிறமொழிச் சொல்லொன்றைத் தமிழ் ஓசையில் அமர்த்திய துணிவு. அத்துணிவு இன்று எம்மிடம் இல்லை.

கிறீனைத் தலையில் தூக்கிவைக்க வேண்டியதில்லை. அவர் மதம் பரப்ப வந்தவர், அதை மறைத்தவருமல்லர். ஆயினும் ஆங்கிலத்திற் பயின்றவன் உத்தியோகம் தேடி வெளியே போவான், தமிழிற் பயின்றவன் தன் ஊரோடு இருப்பான் என்ற அவரது கணிப்பில் ஒரு சமூக உண்மை இருந்தது. 1870இல் கொழும்பிலே தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசாங்க உத்தியோகமும் அம்மொழியின் பக்கமே நின்றது. 1873இல் கிறீன் நாடு திரும்பினார். காலப்போக்கில் மானிப்பாயின் தமிழ் வகுப்பு அவிந்தது. அவர் ஆக்கிய சொற்களும் வழக்கொழிந்தன. சொல்லின் குற்றமன்று அது. அச்சொல்லுக்குச் சோறு போட ஒரு நிறுவனம் இல்லாமற் போயிற்று.

இருபதாம் நூற்றாண்டிலே தாய்மொழிக் கல்வி வந்தபோது ஏறத்தாழ எல்லாவற்றையும் மறுபடி ஆக்கினோம். கலம், இழைமணி, ஒளித்தொகுப்பு, பிறப்புரிமையியல் எனத் திரண்ட அச்சொற்களுள் என் மனம் கவர்ந்தது ‘கூர்ப்பு’. தமிழ்நாட்டார் பரிணாமம் என்பதை ஈழத்தவர் கூர்ப்பு என்றனர். தொல்காப்பிய உரியியலில் உள்ள சொல் அது; இருந்தது மிகுதல் என்னும் பொருளது. டார்வினின் கொள்கைக்கு இதனினும் நெருங்கிய சொல்லை எந்தப் பண்டிதர் தேடியும் கண்டிருக்க மாட்டார்.

இச்சொற்களின் ஆயுள் எவ்வளவு? க.பொ.த. உயர்தரப் பரீட்சை மண்டபம் வரை.

1974இல் யாழ்ப்பாண வளாகம் கைலாசபதியின் தலைமையிலே தொடங்கியபோது விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டையில் நடந்தன. அமெரிக்க மிஷனார் 1823இற் செமினரி தொடங்கிய அதே ஊர். இன்று திருநெல்வேலியில் தாவரவியலும் விலங்கியலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. என்னிடம் தமிழ் படித்த மாணவியொருத்தி தன் முதலாண்டுக் குறிப்புப் புத்தகத்தைக் காட்டினாள். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஓரத்தில் பென்சிலால் தமிழ்ச்சொல். இரண்டாமாண்டுப் புத்தகத்தில் ஓரங்கள் வெறுமையாயிருந்தன. முன்னேற்றம் என்றுதான் அவளும் எண்ணினாள். வீட்டில் ஆங்கிலம் பேசும் நகரத்துப் பிள்ளைக்கு அந்த ஓரமே தேவைப்பட்டிராது. தீவகத்து மீனவர் பிள்ளைக்கோ முதலாண்டு முழுவதும் அதற்கே போய்விடுகிறது. இதனை மொழிப்பற்றுப் பிரச்சினையாக மட்டும் காண்போர் இங்குள்ள வர்க்க வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

ஆங்கிலம் வேண்டாமென்பது என் வாதமன்று. உலகத்தின் உயிரியல் ஆய்வு பெரும்பாலும் அம்மொழியில் வெளிவரும்போது அதனை மறுப்பது கிணற்றுத் தவளையின் வேலை. இரண்டும் ஒருங்கே இயங்க முடியாதா என்பதே கேள்வி. அக்கேள்வியை நாம் உரத்துக் கேட்டதில்லை. 1970ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவம் பயிலத் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 புள்ளியும் சிங்களத்தில் எழுதியவருக்கு 229 புள்ளியும் எல்லையாக வகுக்கப்பட்டன. அந்த அநீதியை எதிர்த்தது முற்றிலும் நியாயம். ஆனால் எத்தனை பேர் உள்ளே போவது என்று வாசலில் நின்று வாதாடியதில், உள்ளே எம்மொழியிற் படிப்பது என்பதை மறந்தோம். மருத்துவம் கிட்டாதவர் ஒதுங்கும் மடமாக உயிரியற் பட்டத்தை நினைக்கும் வழக்கமும் அந்த வாசற் சிந்தனையின் எச்சமே.

வேடிக்கை யாதெனில், பட்டம் பெற்றவருட் பலர் ஆசிரியராகிறார்கள். ஆங்கிலத்திற் கற்றதைப் பாடசாலையிலும் ரியூட்டரியிலும் தமிழாக்கிச் சொல்கிறார்கள். கிறீன் செய்த பணியை ஒவ்வொருவரும் தனியே, அச்சில்லாமல், அன்றாடம் செய்கின்றனர். அவ்வுழைப்பைப் பல்கலைக்கழகம் தன் பணியாக ஏற்கட்டும். ஒவ்வோர் ஆய்வறிக்கைக்கும் சில பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயம் என்ற விதியோடு தொடங்கலாம், பெருஞ்செலவில்லை.

அம்மாணவி நாலாமாண்டிற் கண்டற் காடு பற்றி ஆய்வறிக்கை எழுதினாள். தோணியில் ஏற்றி இடங்காட்டிய மீனவர், “பிள்ளை, அதிலை என்ன எழுதினனீ?” என்று கேட்டாராம். “சொல்லத் தெரியேல்லை, சேர்” என்று என்னிடம் வந்தாள். ஒரு மாலை முழுவதும் இருவரும் இருந்து எழுதினோம். மூன்று பக்கம் வந்தது. அவள் கொண்டுபோய் வாசித்துக் காட்டினாள். இரண்டு இடங்களில் அவர் எங்கள் சொல்லை மாற்றச் சொன்னார்.