நகராத புள்ளி

நீடாமங்கலம் போன்ற டெல்டா ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். சடசடவென்று ஓட்டின்மேல் விழும் கோடைமழை போல விசைகள். வரி முடியப்போகும் இடத்தில் 'டிங்' என்று மணி. கையால் தள்ளியதும் கரகரவென்று திரும்பும் கேரேஜ். சுண்டுவிரலுக்கு வலு ஏறவே பல வாரம் பிடிக்கும்.

தமிழ் மெஷினில் புள்ளிதான் முதலில் விழுகிறது. கேரேஜ் நகராமல் காத்திருக்க, மெய்யெழுத்து வந்து அதன் அடியில் அமரும். என்ன அழகு அது! 'நெல்' கண்ணுக்கு இரண்டு எழுத்து, விரலுக்கு நான்கு தட்டு. அதனால் வேகத்தை அளக்கத் தட்டுகளை எண்ணுவதே நியாயம். ஐந்து தட்டு ஒரு சொல். அரசுத் தேர்வில் ஆங்கில ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45. பிழைக்கு மதிப்பெண் குறையும். எழுத்தெல்லாம் ஒரே கருமையில் பதிந்த தாள்தான் தேர்ந்த கையின் அடையாளம்.