உரிமைச் சீட்டில் எழுதாத கருவி

பாரதியார் படைப்புகள் நாட்டுடைமையான வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' (2015) என்னும் நூலில் ஆவணத் துணையோடு விரித்துரைத்துள்ளார். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தமிழாசிரியர்கள் இதனைப் பாரதி ஆய்வு என்ற அளவில் படித்து வைத்துவிடலாகாது. அவர்தம் எழுத்தின் வழக்கும் இதனுள் அடங்கியுள்ளது.

நூலில் சுவை மிகுந்த பகுதி இசைத்தட்டைப் பற்றியது. 1921இல் கவிஞர் மறைந்தபின் அச்சுரிமை ஒரு வழியே சென்றது. இசைத்தட்டு உரிமை வேறொரு வணிகர் கைக்குப் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. 1948இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெறவே, செட்டியாருக்கும் டி. கே. சண்முகத்திற்கும் வழக்கு மூண்டது. 1949இல் சென்னை அரசு உரிமைகளை ஏற்றபோது, செட்டியார் பொருள் ஏதும் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார்.

இக்கதையில் செட்டியாரைக் கொடியவராக்குவது மேடைக்கு எளிது, உண்மைக்குப் பொருந்தாது. விலைக்கு வந்ததை அவர் வாங்கினார். பேசும்படம் ஒரு பாட்டை எத்தனை ஊருக்குக் கொண்டுசெல்லும் என்பதை விற்றவர்தாம் அறிந்திலர்.

நாட்டுடைமை என்னும் மருந்தோ மறைந்த கவிஞர்க்கே வாய்த்தது. உயிரோடிருப்பவர் நிலை என்ன? இளையராஜா தொடுத்த வழக்கில் எதிர்த்தரப்பினருள் ஒன்று அகி மியூசிக் என்னும் மலேசிய நிறுவனம். இசைத்தட்டுக் காலத்துப் பாடல்கள் குறுந்தட்டிலும் இணையத்திலும் ஏறியபின் வளர்ந்த பிணக்கு அது. 2019 ஜூன் 4இல் சென்னை உயர்நீதிமன்றம் இசையமைத்தவரின் தார்மிக உரிமையை ஏற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ஒலிநாடாக் கடை வாசலில் நின்று அப்பாடல்களைக் கேட்டவர்க்கு, அவை யாருடையவை என்ற ஐயம் எழுந்திராது!

இந்தியா 2012இல் தன் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்த நாளில் வழக்கில் இல்லாத ஊடகம் தனியே குறிக்கப்பட்டாலன்றி விற்பனையில் அடங்காது என்றது. பாரதி குடும்பத்தார்க்கு அன்று இல்லாத காப்பு இது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இத்தகைய விதி இல்லை. 2022இல் வந்த திருத்தம் திருட்டு ஒளிபரப்புக் கருவிகளை விற்போர்க்கு 20 ஆண்டு வரை சிறை விதிக்கின்றது. எழுதியவர் தாமே கையொப்பமிட்டுக் கொடுத்த சீட்டைப் பற்றி அது பேசவில்லை. எனினும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தே வைத்துள்ளது: உரிமை மாற்றம் எழுத்தில் இருத்தல் வேண்டும், அதனைப் பகுதியாகவும் வழங்கலாம். அச்சுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுப்பதைத் தடுப்பார் இல்லை.

நம் எழுத்தாளர் பலர் அவ்வாறு எழுதுவதில்லை. சிறுகதைப் போட்டி விதியில் 'எல்லா உரிமைகளும்' என்றிருந்தால், அதில் ஒலிநூல் அடங்குமா? ஆயிரம் கதைகளை உட்கொண்டு தானே கதை புனையும் கணினிக்கு இக்கதையையும் கொடுக்கும் உரிமை அடங்குமா? மாணவரின் படிவத்தை அனுப்பிவைக்கும் ஆசிரியர், அனுப்புமுன் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.