கொல்லைக் குட்டையின் கணக்கு

கொல்லையில் குட்டை வெட்டி மீன் விட்டால் மாதாமாதம் பணம் கொட்டும் என்று சொல்லும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. குட்டை வெட்டுவது நல்ல காரியம்தான். அந்த வருமானக் கணக்குதான் உதைக்கிறது.

ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். கெண்டை வளர்ப்பில் ஹெக்டேருக்கு 10,000 விரலளவுக் குஞ்சுகள் என்றால், சதுர மீட்டருக்கு ஒன்று. ஆக, ஒரு சென்ட் குட்டை தாங்குவது 40 மீன். தண்ணீர்ப்பாம்பும் மீன்கொத்தியும் பங்கு வாங்கியது போக முப்பது தேறினால், ஓராண்டில் 25 கிலோ சொச்சம் கிடைக்கும். வாரத்துக்கு அரை கிலோ. குழம்புக்குக் காணும், கடனுக்குக் காணாது.

குஞ்சு விற்பவரோ முந்நூறு விடலாம் என்பார். எண்ணிக்கைக்குத்தானே அவருக்குக் காசு! விபரீதம் விடியற்காலையில் தெரியும். பகலில் ஆக்சிஜனைத் தருகிற பாசி இரவில் மீனோடு சேர்ந்து அதையே சுவாசிக்கிறது. கோழி கூவும் நேரத்தில் நீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். வானம் மூடிக் கிடக்கும் ஐப்பசி நாட்களில் இது இன்னும் மோசம். அன்று தீனியையும் சாணத்தையும் நிறுத்திவிட்டு மோட்டாரைப் போட்டு நீரைப் பீய்ச்சியடிக்க வேண்டும். நெருக்கி வளர்க்கவென்றே வந்த பயோஃப்ளாக் தொட்டியில் காற்றுக் குழாய் இரவும் பகலும் ஓட வேண்டும். ஜெனரேட்டர் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாதிருப்பது உத்தமம்.

கெண்டைக் குட்டையின் அழகு கூட்டு வளர்ப்பில் இருக்கிறது. கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேயும். ஒன்றின் இரையில் மற்றது அதிகம் கை வைக்காது. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவு பிசைந்து வைத்தால் போதும். ஒரு காலத்தில் இந்தக் குஞ்சுகளை ஆற்றில்தான் அரித்து எடுத்தார்கள். வேண்டாத இனங்களும் கலந்து வரும். 1957-இல் மீன்வள விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிடச் செய்த பிறகுதான் இனம் பிரித்துக் குஞ்சு வாங்குவது சாத்தியமாயிற்று.

பலர் முதலில் தார்ப்பாய் விரிக்கிறார்கள். கசிவு நிற்கும், உண்மை. ஆனால் அடிமண்ணில் புழுபூச்சி இல்லாமல் மிர்கால் எதைத் தின்னும்? களிமண் பூமி வாய்த்தவர்கள் பாயை மறந்துவிடலாம். மணற்பாங்கான நிலத்துக்கு வேறு வழியில்லை.

யாரும் பேசாத செலவு தண்ணீர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் ஒரு சென்ட் குட்டையில் 200 லிட்டர் போய்விடும். கோடையில் கூடுதலாகவே போகும். ஆழ்துளைக் கிணறு தடுமாறும் ஊரில் இது நியாயமா என்று கேட்கத்தான் வேண்டும். குட்டைத் தண்ணீரையே வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சி, அந்த இடத்தில் புதுத்தண்ணீர் விடுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு நேராகும். மீன் கழிவின் தழைச்சத்து ஊறிய நீர் அது. என்னைக் கேட்டால் குட்டையின் முதல் விளைச்சல் அந்த நீர்தான், மீன் அடுத்தது.

வேகமாக வளரும் என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதை வளர்க்க இந்தியாவில் தடை உண்டு. வெள்ளத்தில் தப்பி ஏரிக்குள் போனால் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குழந்தைகள் உள்ள வீடானால், குஞ்சு வாங்கும் முன் குட்டையைச் சுற்றி வேலி போடுங்கள்.