முகத்தின் மெய்யும் ஆடலின் மெய்யும்

ஆடல் கணந்தோறும் மாறுவது. அச்சுப்படமோ ஒரு கணத்தில் நின்றுவிடுவது. மாறுவதை நிற்பதனுள் அடக்க முயன்ற கலைகளுள் ஜப்பானியரின் மரக்கட்டை அச்சோவியம் தலையாயது எனலாம். இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், கபுகி நடிகர்களின் உருவங்கள் செர்ரி மரப் பலகைகளில் செதுக்கப்பட்டுத் தாளில் அச்சாயின. எளியோரும் வாங்கும் விலையில் விற்கப்பட்டன. வரைபவர், செதுக்குபவர், வண்ணமேற்றி அச்சிடுபவர், முதலிட்டு வெளியிடுபவர் என நால்வர் உழைப்பு அதில் உண்டு.

1629-இல் பெண்கள் கபுகி மேடையேறத் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் பெண் வேடங்களை ஆடவரே புனைந்து ஆடினர். 1753-இல் முதலாம் நகமுரா தோமிஜூரோ ஆடிய டோஜோஜி நடனம் அவற்றுள் புகழ்மிக்கது. கோயில் மணியின்முன் கன்னியாக ஆடத் தொடங்குபவள், ஆடைகள் பல மாற்றி ஆடி, ஈற்றில் மணியின் மேலேறித் தன் பாம்பியல்பை வெளிக்காட்டுகிறாள்.

இத்தகைய வேடங்களே ஓவியர்க்குச் சோதனையாயின. நடிகர் முதிர்ந்த ஆடவர், வேடமோ இளங்கன்னி. எதை வரைவது?

கத்சுகாவா ஷுன்ஷோ (1726–1792) இரண்டையும் வரைந்தார். அவருக்கு முன்னிருந்தோர் பெரும்பாலும் ஆடையிலுள்ள குலச்சின்னத்தாலேயே நடிகரை அடையாளம் காட்டினர். ஷுன்ஷோவின் படத்திலோ மூக்கும் தாடையும் கண்டே இன்னார் என அறியலாம். ஆயினும் வளைந்த இடையும், திரும்பிய தலையும், புரளும் ஆடையும் கன்னிக்கே உரியவை.

1794-இல் தோன்றிய ஷராகு வேறு வழி சென்றார். பெண் வேடத்தின் வெண்பூச்சினூடே ஆடவரின் தடித்த தாடையை மறையாது காட்டினார். ஏறத்தாழப் பத்து மாதங்களில் 140-க்கு மேற்பட்ட படங்களை அளித்தபின் அவர் பெயர் மறைந்தது. மெய்யை மிகையாக வரைந்தமையால் அவர் நிலைக்கவில்லை என்று அக்காலத்தை ஒட்டிய குறிப்பொன்று கூறும். பிற்கால விமரிசகர் பலர், அம்மெய்யின் பொருட்டே அவரை முதல்வர் வரிசையில் வைத்தனர்.

நாடகக் காட்சிக்கு அத்தீர்ப்புப் பொருந்தும், நடனத்திற்குப் பொருந்தாது. ஷராகு முழுவுருவங்களையும் பின்னர் வரைந்தாரெனினும், அவருக்குப் புகழ் தேடித்தந்த முதல் 28 படங்களும் மார்பளவினவே. ஆடும் காலும் இடையும் அவற்றில் இல்லை. மேலும், வேடம் வெறும் பொய்யன்று. பல்லாண்டுப் பயிற்சியால் நடிகர் தம் உடலில் எய்திய மெய் அது. முகத்தை மட்டும் மெய்யெனக் கொள்வது அவ்வுழைப்பைப் புறக்கணிப்பதாகும்.

ஷுன்ஷோவின் படத்தில் நடிகரும் இருக்கிறார், கன்னியும் இருக்கிறாள். ஒருவர் மற்றவரைப் பொய்யாக்கவில்லை. ஷராகுவின் முகங்களைக் கண்டு வியந்து நிற்கிறோம். ஷுன்ஷோவின் படத்தைக் காணும்போதோ, அடுத்த அடி எங்கே விழும் என எதிர்நோக்குகிறோம். ஆடற்படத்திற்கு அந்த எதிர்நோக்கே உரைகல்.