உள்ளுறை உவமமும் ஒட்டணியும்: குறுந்தொகை 8ஆம் பாடல்வழி ஒரு நோக்கு

உள்ளுறை உவமத்தை 'மறைமுகமான உவமை' என ஒரே தொடரில் விளக்கிச் செல்லும் வழக்கம் தமிழ் பயிற்றுவோரிடையே உண்டு. உருவகத்தையும், தண்டியலங்காரம் கூறும் ஒட்டணியையும், உள்ளுறையையும் ஒன்றெனக் கருத இவ்விளக்கம் இடந்தருகிறது. பெயர்க்குழப்பம் மட்டுமாயின் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், இதனால் பாடலின் பொருளே பிறழ்கிறது.

ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை 8ஆம் பாடல் மருதத்திணையைச் சார்ந்தது. தலைவியின் பாங்காயினார் கேட்கும்படிக் காதற்பரத்தை கூறுவது. வயலோரத்து மாமரத்திலிருந்து முற்றி உதிரும் கனியைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊரினன் தலைவன். தன்னிடம் வந்து பெருமொழி பேசியவன், தன் மனைக்குச் சென்றதும் கண்ணாடியில் தோன்றும் உருவம்போல மகனின் தாய் விரும்பியவற்றையெல்லாம் செய்கிறான் என்கிறாள் அவள்.

ஆறடிப் பாடலில் இரண்டு உவமங்கள் உள்ளன. கண்ணாடி உவமத்தில் உருபு வெளிப்படையாக நிற்கிறது. இது தொல்காப்பியர் 'ஏனை உவமம்' என்று குறிப்பது. அகத்திணை மரபு அறியாதவர்க்கும் விளங்குவது. கனியும் வாளையும் அத்தகையன அல்ல. அங்கே உருபும் இல்லை. உவமிக்கப்படும் பொருளும் சொல்லப்படவில்லை. வாளை மரமேறிக் கனி பறிக்கவில்லை. கனி தானே வந்து விழுந்தது. 'தலைவனை யான் தேடிச் செல்லவில்லை' என்னும் மறுப்பு இதனுள் அடங்கியுள்ளது. இதே காட்சி தலைவி கூற்றில் வருமாயின், பிறர்க்குரிய கனியைக் கவர்ந்த வாளையாகப் பரத்தையே பழிக்கப்படுவாள். காட்சி மாறவில்லை, கூற்று மாறப் பொருள் தலைகீழாகிறது. தேர்வுத்தாள்கள் அணியின் பெயரைக் கேட்கின்றனவேயன்றிக் கூற்றுக்குரியாரைக் கேட்பது அரிது.

ஒட்டணி என்னும் பிறிதுமொழிதலும் கருதிய பொருளை மறைத்து வேறொன்றைச் சொல்வதே. இவ்வொற்றுமைதான் மயக்கத்திற்குக் காரணம். திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகேற்றிய வண்டியின் அச்சு முறிகிறது. அவ்வண்டி எவ்வூரது, யாருடையது என்னும் வினா எழுவதில்லை. கருத்து விளங்கியதும் வண்டிக்கு வேலை இல்லை. குறுந்தொகையின் மாமரமோ தலைவனின் ஊரிலேயே நிற்பது. உள்ளுறை புலப்பட்ட பின்னரும் அது அவன் ஊரின் மரமாகவே எஞ்சுகிறது. தெய்வம் ஒழிந்த கருப்பொருளே உள்ளுறைக்கு நிலம் எனத் தொல்காப்பியம் வரையறுப்பதும், அவ்வரையறையை அகத்திணையியலில் வைத்திருப்பதும் இங்கு நோக்கத்தக்கன. உள்ளுறை, அகம் என்னும் இலக்கிய வகையோடு பிறந்தது. எச்செய்யுளிலும் பொருத்தத்தக்க ஒட்டணி அத்தகையதன்று. தண்டியலங்காரத்தைக் குறை கூறுவதற்கில்லை. வடமொழிக் காவிய மரபைத் தழுவிய அந்நூலுக்குக் கூற்றும் திணையும் அணியிலக்கணத்தின் பகுதிகள் அல்ல.

எனினும், மருதப் பாடலில் மீன் தோன்றும் இடமெல்லாம் உள்ளுறை தேடுவதும் பிழையே. கூறுவோரின் நோக்கத்தோடு இயையாதவிடத்து வாளை வெறும் வாளைதான்.