இரண்டு கார்புரேட்டர்களின் சுருதி

இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை உருவான எம்ஜிபி காரை, புதுப்பித்த நிலையில் முதன்முதலாக வாங்கப் போகிறவரின் கண் பெயிண்ட் மினுமினுப்பிலேயே நின்றுவிடும். எனக்கு அதைவிடப் பிடித்தது, கதவின் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இறங்கும் மெல்லிய இடைவெளி. கதவுக்குக் கீழே துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதியதை வெல்டிங் செய்யும்போது, கதவை மாட்டி, மூடிப் பார்த்து, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்க்கும் பொறுமைசாலிக்குத்தான் அது கைகூடும். சாத்தினால் ‘டப்’பென்று ஒரே சத்தம், தகரம் அதிராது.

பானெட்டைத் திறந்தால் காதுக்கு வேலை. எஸ்யூ கார்புரேட்டர்கள் இரண்டும் சமமாகக் காற்றை இழுக்க வேண்டும். கைதேர்ந்த மெக்கானிக் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டின் வாயிலும் மாறி மாறிப் பிடிப்பார். ‘உஸ்’ஸென்ற ஒலி இரண்டிலும் ஒன்றாகும்வரை திருகைத் துளித்துளியாகத் திருப்புவார். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிற நிதானம்! சேர்ந்துவிட்டால் எஞ்சினின் உறுமலில் பிசிறே இருக்காது. குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துக் கிளப்பி, சூடேறச் சூடேற அதை மெல்ல உள்ளே தள்ளுவது தனிச் சுகம். கார்புரேட்டரின் தலையிலுள்ள சிறு மூடியைத் திறந்து அவ்வப்போது கொஞ்சம் எண்ணெய் விடுவது வாங்கியவர் பொறுப்பு. அதுவும் ஆசையாய்ச் செய்கிற வேலைதான்.